ஆரோ கோஸ்டர்களை என்ன செய்வது: பழுதுபார்ப்பதா, மாற்றியமைப்பதா, கழற்றிவிடுவதா?

ஆரோ டெவலப்மென்ட் என்ற பெயரில் தொடங்கி ஆரோ டைனமிக்ஸ் என்ற பெயரில் முடிந்த அமெரிக்க ரோலர் கோஸ்டர் நிறுவனம், 2001 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. அடுத்த ஆண்டே அதன் சொத்துகளையும் வடிவமைப்புகளையும் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த எஸ் அண்ட் எஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. நிறுவனம் மறைந்தாலும் அது கட்டிய கோஸ்டர்கள் பல பூங்காக்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை முப்பது, நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழையவை. ஏறி இறங்கியவர்கள் கழுத்தைத் தடவிக்கொண்டே வெளியே வருகிறார்கள் என்ற பேச்சும் அவற்றுக்கு உண்டு. இப்படி ஒன்றை வைத்திருக்கும் பூங்கா அதை என்ன செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ரயிலை மட்டும் மாற்றலாம், தண்டவாளத்தை அதே வடிவில் புதுப்பிக்கலாம், வடிவத்தையே திருத்தலாம், வேறு பூங்காவுக்கு விற்கலாம், கழற்றி இரும்புக்குப் போடலாம். இந்த வழிகள் ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு பூங்கா ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது என்பதால், ஊகத்தை விட்டுவிட்டு நடந்ததைக் கொண்டே ஒப்பிடலாம்.

ஒப்பிடுவதற்கு முன், காப்பாற்றத் தக்கது எது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எட் மோர்கன், கார்ல் பேக்கன் முதலிய நண்பர்கள் சேர்ந்து கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் தொடங்கிய லேத் பட்டறைதான் ஆரோ. 1955இல் திறந்த டிஸ்னிலாண்டுக்காகச் சவாரி வண்டிகள் செய்து கொடுத்ததில் அதன் பெயர் பரவியது. 1959இல் அங்கே திறந்த மேட்டர்ஹார்ன் சவாரிக்கு அவர்கள் எஃகுக் குழாயை வளைத்துத் தண்டவாளமாக்கினார்கள். அதுவரை கோஸ்டர் என்றால் பலகைகளை அடுக்கி, மேலே எஃகுப் பட்டையைப் பதித்த மரப் பாதைதான். குழாயை மேலும் கீழும் பக்கவாட்டிலும் வேண்டியபடி வளைக்கலாம். சக்கரங்கள் அதை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் பற்றிக்கொள்ளலாம். பயணியைத் தலைகீழாகக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும் நவீன கோஸ்டர் சாத்தியமானது இதனால்தான். 1975இல் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி பார்ம் பூங்காவில் கார்க்ஸ்க்ரூ, 1978இல் வர்ஜீனியாவின் புஷ் கார்டன்ஸில் இரண்டு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும் லாக் நெஸ் மான்ஸ்டர், 1989இல் ஒஹையோவின் சிடார் பாயின்டில் 205 அடி உயர மேக்னம் எக்ஸ்எல்-200 என்று ஆரோ கட்டிய ஒவ்வொன்றும் அதுவரை யாரும் எட்டாத இடத்தை எட்டியது. இன்று உலகில் ஓடும் எஃகு கோஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் குழாய்த் தண்டவாளத்தின் வழித்தோன்றல்களே.

இத்தகைய மரபுக்குரிய கோஸ்டர் ஒன்று கரடுமுரடாக ஓடுகிறது என்றால், முதலில் கேட்க வேண்டியது அந்தக் கரடுமுரடு எங்கே பிறக்கிறது என்பதைத்தான். பெரும்பாலான பூங்காக்கள் கோஸ்டரின் வயதையும் வரிசையில் நிற்கும் கூட்டத்தையும் பார்த்து முடிவெடுக்கின்றன. என் பார்வையில் அது தவறான தொடக்கம். ஆரோ கோஸ்டரின் குலுக்கலுக்கு மூன்று வெவ்வேறு பிறப்பிடங்கள் உண்டு. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தீர்க்காது.

முதலாவது பிறப்பிடம் ரயில். ஆரோவின் தலைகீழ்ச் சவாரிகளில் தோளுக்கு மேலிருந்து இறங்கும் கெட்டியான பிடிகள் இருந்தன. ரயில் பக்கவாட்டில் சற்று அசைந்தாலும் பயணியின் காது அந்தப் பிடியில் போய் இடிக்கும். இடித்தது தண்டவாளம் என்று அவர் நினைப்பார், உண்மையில் அடித்தது பிடி. இரண்டாவது, தேய்மானம். சக்கரத்துக்கும் குழாய்க்கும் இடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளி ஆண்டுகள் செல்லச்செல்ல அகலும். ரயில் நேர்ப்பாதையில்கூட இடமும் வலமும் தள்ளாடும். பற்றவைத்த இடங்களில் வெடிப்பு தோன்றுகிறதா என்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதும் ஆழமானதுமான பிறப்பிடம் வரைபடம். ஆரோவின் தலைமை வடிவமைப்பாளர் ரான் டூமர், விண்வெளித் துறையில் வேலை பார்த்துவிட்டு 1965இல் நிறுவனத்தில் சேர்ந்தவர். கம்பியைக் கையால் வளைத்து வளைத்துப் பாதைக்கு வடிவம் கண்டவர். அந்தக் காலத்து ஆரோ பாதைகளில் நேர்க்கோடு முடிந்த இடத்தில் வட்ட வில் சட்டெனத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே வளைவு சிறிது சிறிதாகக் கூடிச்செல்லும் இடைப்பாதை போதிய அளவுக்கு இருக்காது. மேலும், பாதை சாயும்போது அது தண்டவாளத்தையே அச்சாகக் கொண்டு சாயும். பயணியின் தலையோ தண்டவாளத்துக்கு ஒரு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. தண்டவாளம் தன்னைத் தானே திருகிக்கொள்ளும் அதே நொடியில் அந்தத் தலை ஒரு பெரிய வில்லைப் போட்டுப் பக்கவாட்டில் வீசப்படும். பின்னால் வந்த வடிவமைப்பாளர்கள் பயணியின் நெஞ்சை அச்சாக வைத்துப் பாதையை அதைச் சுற்றித் திருப்பினார்கள். அதனால் உடல் நடுவில் நிற்க, தண்டவாளமே சுற்றிவருகிறது. கரடுமுரடு ஆரோ குழாயின் பிறவிக் குணம் அன்று என்பதற்கு ஆரோவே சான்று தந்திருக்கிறது. 1999இல் டென்னஸி மாநிலத்தின் டாலிவுட் பூங்காவில் அது கட்டிய டென்னஸி டொர்னாடோ கணினியின் துணையோடு வரையப்பட்டது. மூன்று முறை தலைகீழாகச் சென்றும் பயணியை அடிக்காது. அதை வரைந்த ஆலன் ஷில்கி பின்னாளில் ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனத்துக்காகப் பழைய மரக் கோஸ்டர்களுக்கு எஃகுத் தண்டவாளம் போடும் வேலையில் பெயர் பெற்றார்.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்த்தால், ரயிலை மாற்றுவது எளிதானதாகத் தோன்றும். ஓரளவு அது உண்மையும்கூட. இங்கிலாந்தின் செஸ்ஸிங்டன் பூங்காவில் 1990இல் ஆரோ கட்டிய வேம்பயர் என்ற, வண்டிகள் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிச் செல்லும் தொங்கு கோஸ்டருக்கு, ஆரோ மூடப்பட்ட சமயத்தில், நெதர்லாந்தின் வெகோமா நிறுவனம் புதிய ரயில்கள் செய்து கொடுத்தது. 2002 முதல் அது கால் தொங்கவிட்டுப் போகும் சவாரியாக மறுவாழ்வு பெற்றது. வெகோமா தன் தொடக்கக் காலத்தில் ஆரோவிடம் உரிமம் பெற்று அந்தத் தண்டவாள முறையைக் கற்றுக்கொண்ட நிறுவனம் என்பதால், ஆரோ தண்டவாளத்தில் ஓடும் ரயிலை வடிவமைக்க அதற்கு இயல்பான தகுதி இருந்தது. ஆரோவின் கடைசிப் பெருமுயற்சியான கலிபோர்னியாவின் எக்ஸ், இருக்கைகள் தாமே முன்னும் பின்னும் சுழலும்படி அமைந்தது. நிறுவனத்தின் முடிவுக்கு அதன் சிக்கல்களும் ஒரு காரணம். 2008இல் அதை வைத்திருந்த பூங்கா 1 கோடி டாலர் செலவிட்டு எடை குறைந்த புது ரயில்களைப் போட்டு எக்ஸ்2 என்று பெயர் மாற்றித் திறந்தது. தண்டவாளம் பழையதுதான். எடையே நோயாக இருந்த இடத்தில் எடையைக் குறைத்தது சரியான மருந்து.

ஆனால் அதே மருந்து மேட்டர்ஹார்னில் அப்படி வேலை செய்யவில்லை. 2012இல் அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனி இருக்கை உள்ள புது ரயில்கள் வந்தன. பயணம் முன்னைவிடக் கடினமாகிவிட்டது என்று பல ரசிகர்கள் குறைகூறினார்கள். பாதையின் திடீர் வளைவுகள் அப்படியே இருக்க, மேலே ஓடும் வண்டியை மட்டும் மாற்றினால் அடி வேறு இடத்தில் விழும், அவ்வளவுதான். எனவே புது ரயில் வாங்க நினைக்கும் பூங்கா, வலி தோள்பிடியிலிருந்து வருகிறதா, பாதையிலிருந்து வருகிறதா என்பதை அளந்து பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். இருக்கையில் அதிர்வை அளக்கும் முடுக்கமானியைப் பொருத்தி நாள் முழுவதும் ஓட்டினால் எந்த மீட்டரில் எந்தத் திசையில் உதை விழுகிறது என்பது தெரிந்துவிடும். புது ரயிலின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

தண்டவாளத்தை அதே வடிவில் புதுப்பிப்பது, மரபின் மீது அக்கறை உள்ளவர்களுக்கு மிகவும் பிடித்த வழி. இங்கிலாந்தின் பிளாக்பூலில் 1994இல் ஆரோ கட்டிய பிக் ஒன், கடற்கரையின் உப்புக் காற்றில் நிற்கிறது. அதை ஒரேயடியாக நிறுத்திவிடாமல், பூங்கா மூடியிருக்கும் குளிர்காலங்களில் பகுதி பகுதியாகப் பழைய தண்டவாளத்தை இறக்கிப் புதியதை ஏற்றினார்கள். லாக் நெஸ் மான்ஸ்டரும் அப்படியே தண்டவாளத்தின் ஒரு பகுதி மாற்றப்பட்டு 2024இல் மீண்டும் திறந்தது. கோத்து நிற்கும் அந்த இரண்டு வளையங்களும் அதே இடத்தில் அதே வடிவில் நிற்கின்றன. இந்த வழியின் பலம், பூங்கா எந்தப் பருவத்திலும் தன் பெயர்பெற்ற சவாரியை இழப்பதில்லை. செலவும் ஆண்டுகளுக்குப் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. பலவீனமும் தெளிவானதே: தேய்மானத்தால் வந்த குலுக்கலைத்தான் இது தீர்க்கும். மோசமாக வரையப்பட்ட வளைவைப் புதுக் குழாயில் அச்சுப்பிசகாமல் மறுபடி செய்தால், மோசமான வளைவு இன்னும் முப்பது ஆண்டுகள் வாழும்.

வடிவத்தையே திருத்திய வரலாறுகளில் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் பயன். பிட்ஸ்பர்க் அருகிலுள்ள கென்னிவுட்டில் 1991இல் திறந்த ஸ்டீல் பேன்டம், தன் இரண்டாவது இறக்கத்தில் 225 அடி விழுந்து மணிக்கு 80 மைல் வேகத்தைத் தொட்டது. பள்ளத்தாக்குக்குள் இறங்கும் அந்த வீழ்ச்சி, பக்கத்திலிருந்த மரக் கோஸ்டரின் சட்டகத்தினூடாகவே சென்றது. அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த மக்கள், அதற்குப் பின் வந்த நான்கு தலைகீழ்ச் சுற்றுகளை நொந்துகொண்டார்கள். அவ்வளவு வேகத்தில் வந்த ரயிலுக்கு அந்தச் சுற்றுகள் பொருந்தவில்லை. 2000ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் பூங்கா அதைக் கழற்றிவிடவில்லை. நல்லதாயிருந்த ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் வைத்துக்கொண்டு, தலைகீழ்ச் சுற்றுகளை நீக்கி, உடலை இருக்கையிலிருந்து எழுப்பும் குன்றுகளை அங்கே அமைத்தது. தோள்பிடி போய் மடியில் அழுத்தும் பிடி வந்தது. 2001இல் பேன்டம்ஸ் ரிவென்ஜ் என்ற பெயரில் திறந்த அது மணிக்கு 85 மைல் வேகத்தில் ஓடி, சிறந்த எஃகு கோஸ்டர்களின் பட்டியல்களில் இன்றுவரை இடம்பெறுகிறது. இந்தத் திருத்தத்தைச் செய்து கொடுத்தது டேனா மோர்கனின் நிறுவனம். அவர் ஆரோவைத் தொடங்கிய எட் மோர்கனின் மகன். ஆரோவின் மரபைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் நிகழ்வு இது.

தோல்விக்கு டிராக்கன் ஃபயர் இருக்கிறது. லாக் நெஸ் மான்ஸ்டர் இருக்கும் அதே வில்லியம்ஸ்பர்க் பூங்காவில் 1992இல் திறந்த அது, தொடக்கம் முதலே தலையை இடிப்பதாகப் பெயரெடுத்தது. சில ஆண்டுகளில் அதன் ஒரு திருகுச் சுழலை எடுத்துவிட்டு நேராக்கிப் பார்த்தார்கள். கூட்டம் திரும்பவில்லை, 1998இல் நிறுத்தப்பட்டு 2002இல் கழற்றப்பட்டது. கென்னிவுட்டில் பாதையின் பிற்பாதி முழுவதையும் மறுபடி யோசித்தார்கள். வில்லியம்ஸ்பர்க்கில் ஒரே ஓர் உறுப்பை வெட்டினார்கள். வடிவத் திருத்தம் என்று இறங்கினால் நோயுள்ள பகுதி முழுவதையும் எடுக்க வேண்டும். அரைகுறையாகச் செய்வதைவிட அந்தப் பணத்தைச் சேமித்து வைப்பது மேல்.

விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாட்ஸ் பெர்ரி பார்மின் கார்க்ஸ்க்ரூ 1990 முதல் ஐடஹோ மாநிலத்தின் சில்வர்வுட் பூங்காவில் நிற்கிறது. உலகின் முதல் நவீனத் தலைகீழ் கோஸ்டர் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அந்த விற்பனையே காரணம். பெரிய பூங்காவுக்குச் சிறியதாகிவிட்ட கோஸ்டர் சிறிய பூங்காவுக்குப் பெரியதாக இருக்கும். ஆனால் போக்குவரத்தும் புதிய அடித்தளமும் சேர்ந்து 200 அடி உயரக் கோஸ்டருக்கு இந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடுகின்றன. கார்க்ஸ்க்ரூ அளவிலான, ஒரே வரைபடத்தில் பல பூங்காக்களுக்கு விற்கப்பட்ட சிறு கோஸ்டர்களுக்கே இது பொருந்தும்.

கழற்றிவிடுவதை நான் எதிர்க்கவில்லை. சில இடங்களில் அதுவே நேர்மையான முடிவு. ஒஹையோவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 1981இல் திறந்த தி பேட், உலகின் முதல் நவீனத் தொங்கு கோஸ்டர். அதன் வளைவுகள் போதுமான அளவு சாய்க்கப்படவில்லை. ஊஞ்சலாடும் வண்டிகளின் விசையெல்லாம் சக்கரச் சட்டகத்திலும் அதிர்வுத் தாங்கிகளிலும் இறங்கியது. நிற்பதே வழக்கமாகி, 1983க்குப் பிறகு அது ஓடவில்லை. அந்தப் பாடத்தைக் கொண்டு அடுத்த ஆண்டே ஆரோ வில்லியம்ஸ்பர்க்கில் கட்டிய பிக் பேட் வுல்ப், 2009 வரை மக்கள் மனத்தில் நின்றது. தி பேட் நின்ற இடத்தில் 1987இல் ஆறு தலைகீழ்ச் சுற்றுகள் கொண்ட முதல் கோஸ்டரான வோர்டெக்ஸ் வந்தது. பழைய நிலையத்தையே பயன்படுத்திக்கொண்டது. அதுவும் 2019இல் ஆயுள் முடிந்ததாக அறிவிக்கப்பட்டு நீக்கப்பட்டது. 32 ஆண்டுகள் உழைத்த இயந்திரத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஏழு தலைகீழ்ச் சுற்றுகளோடு ஆரோ கட்டிய மூன்று பெரும் கோஸ்டர்களில் ஷாக்வேவ் 2002இலும் கிரேட் அமெரிக்கன் ஸ்க்ரீம் மெஷின் 2010இலும் போயின. வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் மூன்றும் ஏறத்தாழ ஒரே திட்டத்தின் பிள்ளைகள் என்பதால், எஞ்சியுள்ள ஒன்றைக் காப்பாற்றினால் மரபு காப்பாற்றப்படும். கழற்றும் பூங்கா நினைவுக்கென்று எதையாவது விட்டுவைப்பதும் நடக்கக்கூடியதே. பிக் பேட் வுல்ப் போன இடத்தில் 2012இல் திறந்த வெர்போல்ட்டன், ஆற்றை நோக்கி விழும் பழைய கோஸ்டரின் புகழ்பெற்ற கடைசி இறக்கத்தைத் தன் பாதையில் தக்கவைத்துக்கொண்டது.

இத்தனைக்கும் பிறகு என் தீர்ப்பைச் சொல்லலாம். முதல்முதலானது என்ற தகுதி இல்லாத, நகல்கள் உள்ள ஆரோ கோஸ்டர் பிற்பாதியில் மட்டும் அடிக்கிறது என்றால், கென்னிவுட்டின் வழியே சிறந்தது. பூங்காவின் பணத்துக்கும் பயணியின் கழுத்துக்கும் அதுவே நல்லது. அடி தோள்பிடியால் மட்டுமே என்று அளவீடு காட்டினால் புது ரயில் போதும். வடிவக் குறை பாதை முழுவதும் பரவியிருந்தால், விற்க முடியாவிட்டால், கழற்றுவதே சரி. அப்போது ரயில் பாகங்களை ஓடிக்கொண்டிருக்கும் பிற ஆரோ கோஸ்டர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும், ஏனெனில் அந்தப் பாகங்களைப் புதிதாகச் செய்வது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது.

முதல்முதலானவற்றின் கணக்கு வேறு. மேக்னத்தையே எடுத்துக்கொள்வோம். முழுச் சுற்றுப் பாதையில் 200 அடியைத் தாண்டிய முதல் கோஸ்டர் அது. 80 லட்சம் டாலரில் கட்டப்பட்டது. ஈரி ஏரியின் கரையை ஒட்டிப் போய்த் திரும்பி வருகிறது. அதன் திரும்பும் பாதையிலுள்ள குன்றுகளின் உச்சி வழவழப்பான வளைவாக இல்லாமல் முனை வைத்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு முனையிலும் பயணி இருக்கையிலிருந்து தூக்கியெறியப்பட்டு மடிப்பிடியில் தங்குவார். இன்றைய வடிவமைப்புக் கணக்குப்படி அது பிழை. ஆனால் மேக்னத்தை நாடி வருபவர்கள் வருவது அந்தப் பிழைக்காகத்தான். அதை நவீன வளைவாக மாற்றினால் கிடைப்பது எந்தப் பூங்காவிலும் கிடைக்கும் ஒரு கோஸ்டர். ஆகவே அங்கே பிளாக்பூலின் வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். பூங்கா மூடிக் கிடக்கும் குளிர்காலங்களில், பக்கவாட்டு உதை அதிகமாக விழும் கடைக்கோடித் திருப்பத்தின் தண்டவாளத்தை முதலில் மாற்ற வேண்டும். அங்கே சாய்வுகளைச் சற்றுத் திருத்தினாலும் தவறில்லை, அந்த உதையை யாரும் நாடி வருவதில்லை. திரும்பும் குன்றுகளை அதற்கடுத்த குளிர்காலங்களில், ஒவ்வோர் உச்சியையும் அளந்து பதிவுசெய்து, அதே முனையோடு வளைத்துப் போட வேண்டும். புது ரயில் வேண்டுமா என்ற கேள்வியை அந்த வேலையெல்லாம் முடிந்து ஒரு முழுப் பருவம் ஓட்டிப் பார்த்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.